நா வெக்கல

பெங்களூருவில் ஒரு பொறியியல் கல்லூரி மைதானம். மாலை வெயில் இன்னும் முழுதாக இறங்கவில்லை. மேடைக்கு முன்னால் மைதானம் கொள்ளாத கூட்டம்.

எங்கள் குழுவின் ராப் பாடகன் முனிராஜ், வலது கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு இடது கையை உயரத் தூக்கினான். அந்தக் கையில் மூன்று விரல்கள்தான். பிள்ளைகள் விசிலடித்தார்கள்.

“வெச்சது யாரு?” என்று கத்தினான்.

“நா வெக்கல!” என்று மைதானம் பதில் சொன்னது.

அடுத்து தெலுங்கில் கேட்டான். “நேனு பெட்டலேது!” என்றார்கள். கன்னடத்தில் கேட்டான். “நான் இட்டில்ல!” என்றார்கள். எதை வைப்பது, எங்கே வைப்பது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. பின்னால் தொம், தொம் என்று எங்கள் பாட்டின் அந்த இரும்புச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் குதிப்பதற்கு அர்த்தம் தேவைப்படவில்லை.

எனக்கு முன்னாலும் ஒரு மைக் இருந்தது. கிட்டார் வாசிப்பதோடு பின்குரல் கொடுப்பதும் என் வேலை. அதில் வாயை வைத்து நானும் “நா வெக்கல” என்று பாடினேன்.

வைத்தவன் நான்தான். அந்த மைதானத்தில் அதைப் பாடத் தகுதியில்லாதவன் நான் ஒருவன். அது முனிராஜுக்குத் தெரியாது.

இந்தத் தொடரில் எங்கள் குழுவைப் பற்றி முன்பு எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். கல்லூரி நாளில் கேட்ட அந்தப் பாட்டைச் சமையல் செய்யும்போது இப்போதும் முணுமுணுப்பதாக எழுதியிருந்தார். அம்மா, உங்கள் அன்புக்கு நன்றி. இந்த வாரப் பகுதியைப் படித்த பிறகு முணுமுணுக்க மாட்டீர்கள்.

நாலாவது கேட்

நான் அருப்புக்கோட்டைக்காரன். டிப்ளமோ முடித்த கையோடு, ஓசூர் சிப்காட்டில் தகட்டை வெட்டி வளைத்து வண்டிகளுக்குப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். தரக்கட்டுப்பாட்டில் பயிற்சி ஊழியன். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, கையில் மைக்ரோமீட்டர். வருகிற பீஸை அளந்து நல்லது, கெட்டது என்று சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு நான் எவ்வளவு பொருத்தமானவன் என்பது போகப் போகத் தெரியும்.

எங்கள் டிரம்மர் சம்பங்கி, ஓசூரை அடுத்த தளிப் பக்கத்து ஆள். வீட்டில் கன்னடம். தகட்டை அழுத்தி வெட்டும் எங்கள் பிரஸ் ஷாப்பில் டை செட்டர், அதாவது மெஷினில் அச்சை மாட்டி, சரிபார்த்து, ஆப்பரேட்டரிடம் ஒப்படைக்கிறவன். சாப்பாட்டுத் தட்டிலும் டீ டம்ளரிலும் தாளம் போட்டு எல்லோரிடமும் திட்டு வாங்குவான். டிரம்ஸ் வாங்க வேண்டும் என்று அவனுக்கு ஒரு வெறி இருந்தது. பழைய செட் ஒன்றை எங்கேயோ பிடித்து வாங்கியும் விட்டான்.

முனிராஜ் பேரிகை என்ற ஊர்க்காரன். வீட்டில் தெலுங்கு. அப்பா அம்மா அடுத்தவர் காட்டில் கூலி வேலை. அவன் கான்ட்ராக்டில் பிரஸ் ஆப்பரேட்டர். எங்கள் தொழிற்சாலையில் மூன்று கேட்டுகள் பெயர்ப்பலகையோடு இருக்கும். கான்ட்ராக்ட் ஆட்கள் வருவதற்குப் பின்பக்கம் பலகையில்லாத ஒரு நாலாவது கேட். குழுவுக்கு ‘நாலாவது கேட்’ என்று பெயர் வைத்தது முனிராஜ்தான். நான் முதல் கேட்டில் வருகிறவன். அந்தப் பெயரைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்ள எனக்குக் கொஞ்சமும் கூச்சமாக இருக்கவில்லை.

தொழிற்சாலைக்கு வருவதற்கு முன் அவன் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு ஆள் கூப்பிடுகிறவனாக இருந்தான். “பாகலூர் பேரிகை பாகலூர் பேரிகை ஏறு ஏறு எக்கு எக்கு ஹத்து ஹத்து” என்று மூன்று பாஷையில் மூச்சு விடாமல் அவன் கத்துவதை ஒரு நாள் கேன்டீனில் கேட்டேன். சும்மா வேடிக்கைக்குச் செய்து காட்டினான். அப்போது எனக்கு வெளிநாட்டு ராப் பாட்டு கேசட்டுகள் என்றால் உயிர். சோற்றுத் தட்டோடு எழுந்து நின்றுவிட்டேன்.

“இன்னொரு தடவ சொல்லுப்பா” என்றேன்.

“பஸ்சு போயிடிச்சி குரு” என்றான். எங்கள் பக்கம் குரு என்றால் வாத்தியார். பெங்களூருப் பக்கம் டீக்கடையில் நிற்கிற எவனும் குருதான்.

பாட்டா, சண்டையா?

சானமாவு காட்டுப் பக்கம் போகிற வழியில் சம்பங்கியின் மாமா ஒருவருக்குத் தக்காளிக் கூடை அடுக்கும் கொட்டகை இருந்தது. அதில்தான் பயிற்சி. கிட்டாரைப் போட்டு அலறவிட்டு, சம்பங்கி அடித்து நொறுக்க, முனிராஜ் நடுவில் புகுந்து பேசித் தள்ளுவான். ஒரு நாள் வனக்காவலர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“ஏம்பா, யான வந்துகினு இருக்குதுன்னு ஆளுங்க தகரம் தட்றாங்கன்னு நெனச்சிகினு ஓடியாறேன். நீங்க பாட்டா பாடிகினு இருக்கறீங்கோ?” என்றார். எங்களுக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது.

ஆயுதபூஜை அன்று தொழிற்சாலைக்குள் குடும்பங்களை விடுவார்கள். மெஷினுக்கெல்லாம் வாழைக்கன்று, சந்தனம், பொரி. அன்று மேடை போட்டு எங்களைப் பாட விட்டார்கள். முதல் பாட்டு முடிந்ததும் பெரிய அதிகாரியின் மனைவி முன்வரிசையிலிருந்து, “தம்பிங்களா, சண்டை முடிஞ்சதுன்னா ஒரு மெலடி பாடுங்களேன்” என்றார். கூட்டம் சிரித்தது. முனிராஜும் சிரித்தான். பின்வரிசையில் அவன் மனைவி மஞ்சுளா மட்டும் சிரிக்கவில்லை. அவள் அவன் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. சொல்கிறேன்.

பவர் பிரஸ்ஸில் இரண்டு பக்கமும் இரண்டு பட்டன்கள் இருக்கும். தகட்டை உள்ளே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் மேல் அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் ஒரு கையும் உள்ளே இருக்காது. அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் டார்கெட் என்று ஒன்று இருக்கிறதே. வேகம் கூட்டுவதற்காக ஒரு பட்டனில் தீக்குச்சியோ அட்டைத் துண்டோ செருகி, அமுங்கியபடியே நிறுத்திவிடுவார்கள். பிறகு ஒரு கையால் தகடு வைக்கலாம், மறு கையால் அமுக்கலாம். ஷாப்பில் இதற்கு ‘வைப்பது’ என்று பெயர். ‘அவன் வெச்சித்தான் ஓட்டறான்’ என்பார்கள். எல்லோரும் வைப்பார்கள், இன்சார்ஜ் பார்க்காததுபோல் போவார்.

மஞ்சுளாவின் அண்ணனுக்கு ஆனேக்கல் பக்கம் ஒரு சின்ன யூனிட்டில் அப்படி வைத்து ஓட்டித்தான் நான்கு விரல்கள் போயின. பெண் பார்க்க வந்த முனிராஜிடம் அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாளாம், ‘வைக்கிற’ ஆளுக்குக் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று. அவன் சத்தியம் செய்து கொடுத்தான். அதைக் காப்பாற்றவும் செய்தான். பீஸ் குறைகிறது என்று இன்சார்ஜ் தினமும் திட்டுவார். “சாமி, என் கல்யாணமே அந்தப் பட்டன்லதான் நிக்குது” என்று சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் அமுக்குவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

அடுத்த வாரம் பெங்களூருவில் குழுக்களுக்கான போட்டி. புதுப் பாட்டு ஒன்று வேண்டும். பிரஸ் இறங்கும் சத்தத்தையே தாளமாக வைத்து ஒரு பாட்டுக் கட்டலாம் என்று எனக்குத் தோன்றியது. இன்றுவரை எனக்குத் தோன்றியதில் நல்ல யோசனை அதுதான். கெட்ட யோசனையும் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஷாப் ஓடாது. புது அச்சை ஓட்டிச் சோதிக்க சம்பங்கி வந்திருந்தான், அளவு பார்க்க என்று நானும் போனேன். முனிராஜ் அன்று பேரிகையில் இருந்தான். அவனுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று அவன் மெஷினையே எடுத்துக்கொண்டோம்.

என்னிடம் ஒலி பதியும் வாக்மேன் ஒன்று, அதை மெஷினிலிருந்து தள்ளி நின்று பிடித்துப் பதிய வேண்டும். சம்பங்கிக்கு இன்னொரு வாக்மேனில் டிக், டிக் என்று வேகம் காட்டும் கேசட். அந்த டிக்குக்குச் சரியாக அச்சு இறங்க வேண்டும். இயர்போனை ஒரு கையால் காதோடு அழுத்திப் பிடித்தால்தான் மெஷின் இரைச்சலில் அவனுக்குக் கேட்டது. பட்டனோ இரண்டு. கையோ ஒன்றுதான் மிச்சம்.

“குச்சி எதனா இருக்குதா?” என்றான்.

நான் பீடி சிகரெட் தொடாதவன், தீப்பெட்டி ஏது? பையில் கையை விட்டேன். கிட்டார் பிக் வந்தது. கம்பியை மீட்டுகிற நீலநிறச் சின்னப் பிளாஸ்டிக் சில். இடது பட்டனை அமுக்கி, அதன் வளையத்துக்கும் பட்டனுக்கும் நடுவில் அதைச் செருகினேன். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. விளிம்பு மட்டும் லேசாகத் தெரிந்தது.

தொம். தொம். தொம்.

கொஞ்ச நேரம் பதிந்தோம். போட்டுக் கேட்டோம். சம்பங்கி என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். நானும் குதித்தேன். மெயினை அணைத்தோம், வாக்மேன்களைச் சுருட்டிக்கொண்டு ஓடினோம்.

பிக்கை எடுக்கவில்லை. மறந்துவிட்டேன். இதற்குமேல் அழகாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. சாயங்காலம் கிட்டார் எடுத்தபோது ஒரு பிக் குறைந்தது. எங்கேயோ விழுந்திருக்கும் என்று வேறொன்றை எடுத்து வாசித்தேன்.

நீலத் துண்டு

திங்கட்கிழமை முதல் ஷிப்ட். இரண்டு கைப் பட்டன் உள்ள மெஷினில் ஆப்பரேட்டர்கள் வலது உள்ளங்கையைப் பட்டன் மேலேயே வைத்திருப்பது வழக்கம். இடது கையும் வராமல் அச்சு இறங்காது என்ற நம்பிக்கை. முனிராஜும் அப்படித்தான் வைத்திருந்தான். மூன்றாவது பீஸ் கோணலாக உட்கார்ந்தது. இடது கையால் அதை நேராக்கப் போனான். பக்கத்து மெஷின்காரர் ஏதோ கேட்டார். திரும்பினான். வலது உள்ளங்கை பட்டனை அமுக்கிவிட்டது.

அளக்கும் அறையில் இருந்த எனக்கு, ஷாப் சத்தம் ஒவ்வொரு மெஷினாக அடங்குவதுதான் முதலில் கேட்டது.

நான் ஓடிப்போனபோது அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இன்சார்ஜ் பட்டன் அருகே குனிந்து நின்றிருந்தார். ஸ்க்ரூ டிரைவரால் எதையோ நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“இவனுமா வெச்சிருக்கான்?” என்றார்.

அது என் நீல பிக். சம்பங்கியைப் பார்த்தேன். அவன் முகம் சுண்ணாம்பு பூசினதுபோல் இருந்தது.

இரண்டு நாள் கழித்து விசாரணை. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். அந்த நீலத் துண்டு ஒரு பாலித்தீன் கவரில் இருந்தது. அது என்னவென்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஏதோ வாஷர் என்றார் ஒருவர். வாளி மூடி உடைந்தது என்றார் இன்னொருவர். கடைசியில், அறிக்கையில் எழுத வேண்டும், அளந்து சொல்லுங்கள் என்று தரக்கட்டுப்பாட்டைக் கூப்பிட்டார்கள்.

தரக்கட்டுப்பாடு என்றால் நான்.

என் பிக்கை நானே மைக்ரோமீட்டரில் வைத்து அளந்தேன். என் கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்து அதன் மேலிருந்த எழுத்துகள் அழிந்திருந்தன. ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் இன்று கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஏன் சொல்லவில்லை? பயிற்சி முடிய இரண்டு மாதம் இருந்தது. நிரந்தரம் ஆகிவிடும் என்று ஊருக்கு எழுதியிருந்தேன், அப்பா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். சனிக்கிழமை போட்டி வேறு. பயந்தாங்கொள்ளித்தனம்தான், வேறு பெயர் வேண்டாம். சம்பங்கி சொல்லிவிடலாம் என்றான். மெஷினைச் சரியாக ஒப்படைப்பது செட்டர் பொறுப்பு, வேலை போவது முதலில் உனக்குத்தான் என்று சொல்லி அவன் வாயையும் நான்தான் அடைத்தேன்.

ஆப்பரேட்டரின் சொந்தத் தவறு என்று அறிக்கை முடிந்தது. கான்ட்ராக்டர் முனிராஜின் பெயரை எடுத்துவிட்டார்.

“மெசினே வெச்சிகிச்சா?”

ஆஸ்பத்திரிக்கு நானும் சம்பங்கியும் பிரட் வாங்கிக்கொண்டு போனோம். வார்டு கதவருகே போகும்போதே மஞ்சுளாவின் குரல் கேட்டது. நாங்கள் அங்கேயே நின்றுவிட்டோம்.

“எனக்கு சத்தியம் பண்ணியே. எங்கண்ணன் கையப் பாத்துகினே பண்ணியே!”

“நா வெக்கல மஞ்சு. எங்கம்மா மேல ஆணையா வெக்கல.”

“பின்ன யாரு வெச்சாங்கோ? மெசினே வெச்சிகிச்சா?”

“தெரில. நா வெக்கல.”

“வெரலு போனதுகூட போவுது. எங்கிட்ட பொய் சொல்றியே, அதான் எனக்கு ஆவுல” என்று அவள் அழுதாள்.

நான் உள்ளே போய் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ஒரு புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் அன்று விழுந்த விரிசல் விழாமலே போயிருக்கும். அவள் அழுகை ஓய்ந்ததும் உள்ளே போய், கையில் இருந்த பிரட்டைக் கட்டில் மேல் வைத்தேன். “உடம்பப் பாத்துக்கப்பா” என்றேன். என் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான்.

போஸ்டரில் ஒரு கை

அந்தச் சனிக்கிழமைப் போட்டிக்கு நாங்கள் போகவில்லை. ஒரு மாதம் கழித்து முனிராஜே கொட்டகைக்கு வந்தான், கையில் கட்டோடு. பதிந்து வைத்த சத்தத்தைப் போட்டுக் காட்டினேன். காட்டாமல் இருந்திருக்கலாம். ஆனால் அது அவ்வளவு நன்றாக இருந்தது.

அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

“எங்க புடிச்ச குரு இத? எம் மெசினு மாதிரியே கீதே.”

“சம்பங்கி சொந்தக்காரர் யூனிட்டுல” என்றேன். யோசிக்கவே தேவைப்படவில்லை, பொய் தயாராக நின்றது.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து அந்தத் தொம் சத்தத்தின் மேல் பேச ஆரம்பித்தான். டார்கெட், இன்சார்ஜ், நாலாவது கேட், மஞ்சுளாவின் அண்ணன் கை என்று எல்லாம் வந்தது. கடைசியில் வந்தது அந்த வரி. வெச்சது யாரு, நா வெக்கல. எழுதி வைத்துப் பாடியதில்லை அது. வீட்டில் தினமும் சொல்லிச் சொல்லி அவன் வாய்க்குப் பழகிவிட்ட வரி.

சம்பங்கி குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனான். திரும்பி வர வெகுநேரம் ஆனது. யானை பார்க்கப் போனதாகச் சொன்னான்.

அந்தப் பாட்டுதான் எங்களைத் தூக்கிவிட்டது. கல்லூரி விழாக்கள், பெங்களூரு வானொலி, ஒரு சி.டி., ஆங்கிலப் பத்திரிகையில் இரண்டு விரல் அகலத்துக்குச் செய்தி. போஸ்டர் ஒன்று வேண்டும் என்றார்கள். கறுப்புப் பின்னணியில் மூன்று விரல் கொண்ட ஒரு கையை மட்டும் வைத்து நான்தான் வடிவமைத்தேன். வித்தியாசமாக இருக்கும் என்றேன். வித்தியாசமாகத்தான் இருந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். முனிராஜ் அந்தப் போஸ்டரை வீட்டுக்குக் கொண்டுபோனான். மஞ்சுளா அதைச் சுவரில் ஒட்ட விடவில்லை.

என் வேலையும் நிரந்தரமானது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுபடி அந்த மேடை

தொடக்கத்தில் சொன்ன கல்லூரி நிகழ்ச்சி எங்கள் குழுவின் கடைசி நிகழ்ச்சி. அன்று முனிராஜ் வழக்கத்துக்கு மாறாக ஒன்று செய்தான். பாட்டு முடியும் இடத்தில் மைக்கைக் கொண்டுவந்து என் வாயருகே நீட்டினான்.

“எங்க குரு சொல்லுவான் பாருங்க! வெச்சது யாரு?”

அன்பில்தான் செய்தான். மைதானம் முழுக்க என் வாயைப் பார்த்தது. எனக்குப் பின்னால் சம்பங்கியின் அடி ஒரு கணம் தப்பியது.

“நா வெக்கல” என்றேன்.

வேனில் திரும்பும்போது சம்பங்கி டிரம் குச்சிகளைப் பைக்குள் போட்டுக் கட்டினான். பிறகு, “இனிமே இந்தப் பாட்டுக்கு எங்கை வராது. உட்ருங்க” என்றான். அடுத்த வாரம் குழுவை விட்டான், ஆறு மாதத்தில் வேலையையும் விட்டுவிட்டுத் துமகூருப் பக்கம் போய்விட்டான். வேறு டிரம்மர் தேடினோம். சரிப்படவில்லை. அத்தோடு ‘நாலாவது கேட்’ முடிந்தது.

முனிராஜ் ஒரு நாள் டீக்கடையில் என்னிடம் கேட்டான். “எங்கையப் பாத்து எல்லாரும் கத்தறது சம்பங்கிக்குப் புடிக்கலியா குரு? அதனாலயா போயிட்டான்?”

“சேச்சே, அவன் வீட்டுல பொண்ணு பாக்குறாங்கப்பா” என்றேன்.

பிறகு அவனைப் பார்ப்பதையே குறைத்துக்கொண்டேன். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அவன் மறுபடி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுவதைத் தூரத்திலிருந்து கேட்டிருக்கிறேன். கேட்டதும் வேறு வழியாகச் சுற்றிப் போயிருக்கிறேன்.

பேரிகை

இந்தத் தொடரில் குழுவைப் பற்றி எழுத ஆரம்பித்த பிறகு, இந்த இடத்தைத் தாண்டிப் போக முடியாது என்று தெரிந்தது. பத்திரிகையில் பார்த்து முனிராஜ் தெரிந்துகொள்ளக் கூடாது. பதினெட்டு வருடமாக மனசாட்சி உந்தாத ஆளை, வாரப் பத்திரிகையின் கெடு தேதி உந்தியது. போன மாதம் ஒரு காலையில் பேரிகைக்கு பஸ் ஏறினேன்.

ஒரு ரோஜாத் தோட்டத்தின் கொட்டகையில் முனிராஜ் மேற்பார்வையாளன். தலை நரைத்திருந்தது. பூக்களைத் தண்டின் உயரம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும், “குரு!” என்று எழுந்து வந்து கட்டிக்கொண்டான். டீ சொன்னான். டீ வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று, நின்றபடியே சொல்லி முடித்தேன். ஞாயிற்றுக்கிழமை, வாக்மேன், நீல பிக், அளந்து கையெழுத்துப் போட்டது வரை.

அவன் கையில் இருந்த பூவைக் கீழே வைத்தான்.

“நா இங்க ஊர்ல இருந்தனே, அந்த ஞாயித்துக்கெழமையா?”

“ஆமா.”

“சம்பங்கிக்கும் தெரியும்.”

“தெரியும்.”

பூக்கூடையை ஓரமாக நகர்த்தினான். “ஒரு கட்டத்துல எனக்கே டவுட்டு வந்துடிச்சி குரு. நாந்தான் வெச்சி மறந்துட்டனோ, மண்டையில எதனா கோளாறோன்னு. அந்தப் பாட்டு பாடறப்போ மட்டுந்தான் இல்ல, நா வெக்கலன்னு தைரியமா இருக்கும்” என்றான்.

அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் அடிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “வா ஊட்டுக்கு” என்றான்.

அவன் வண்டியில் போனோம். வீட்டில் மஞ்சுளா அவரைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். “வாண்ணா! எத்தினி வருசம் ஆச்சி! குந்து, டீ வெக்கிறேன்” என்று எழுந்தாள்.

“டீ இருக்கட்டும்” என்றான் முனிராஜ். “இவன் ஒண்ணு சொல்றான், கேளு.” என் பக்கம் திரும்பினான். “எங்கிட்ட சொன்ன மாதிரியே மொதல்ல இருந்து சொல்லு. நா சொன்னா பழைய பேச்சுதான்னு நெனச்சிக்குவா.”

சொன்னேன். அவளிடம் சொல்வது நூறு மடங்கு கஷ்டமாக இருந்தது. தலையைத் தூக்காமல் முறத்தைப் பார்த்துச் சொன்னேன்.

முடித்ததும் அவள் ஒன்றுதான் கேட்டாள். “ஆஸ்பத்திரில நா கத்திகினு இருந்தப்போ, நீ கதவாண்டதான நின்ன?”

“ஆமா.”

“எல்லாம் கேட்டுகினு நின்ன.”

“ஆமா.”

அதன்பிறகு அவள் என்னை அண்ணா என்று கூப்பிடவில்லை. புருஷன் பக்கம் திரும்பித் தெலுங்கில் பேசினாள். ஓசூரில் இத்தனை வருடம் இருந்ததில் எனக்கு அது புரியும். இத்தனை நாளில் ஒரு தடவையாவது தன்னோடு கோபித்துக்கொண்டு சண்டை போட்டிருக்கக் கூடாதா என்று கேட்டாள். போட்டிருந்தால் நம்பியிருப்பாயா என்றான். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு அலமாரிமேல் இருந்த போனை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“எங்கண்ணனுக்குப் போடு. இவரும் வெச்சிட்டாருன்னு நாந்தான் அழுதுகினே சொன்னேன். இப்போ நீ சொல்லு.”

அவள் எண்ணைச் சொன்னாள், நான் போட்டேன். முதலிலிருந்து சொன்னேன். “மாப்ள பக்கத்துல கீறாரா? அவராண்ட குடு” என்றார் அவர்.

அவர்கள் பேசி முடித்ததும் அவள் நாத்தனாரின் எண்ணைச் சொன்னாள். பிறகு ஓசூரில் படிக்கும் அவர்கள் மகள். “அப்பா பொய் சொல்வாரா மாட்டாரான்னு சின்னதுல அது கேக்கும். நா எதுவும் சொன்னதில்ல” என்றாள் மஞ்சுளா. அந்தப் பெண் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, “நீங்க யாருன்னு இன்னொரு தடவ சொல்லுங்க” என்றாள். சொன்னேன்.

அதற்குப் பிறகு பழைய பக்கத்து வீட்டுக்காரர். பக்கத்து மெஷினில் நின்ற ஆள். ரிட்டையராகி ஓசூரிலேயே இருக்கும் அந்த இன்சார்ஜின் எண் முனிராஜிடமே இருந்தது, இத்தனை வருடமும் வைத்திருந்தான். ஒவ்வொருவரிடமும் என் பெயரைச் சொல்லி, வைத்தது நான், முனிராஜ் அல்ல என்று சொன்னேன். தொண்டை கட்டிவிட்டது. ஒருவரும் தண்ணீர் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது ஒரு மன்னிப்பு தயார் செய்து வைத்திருந்தேன். அதைச் சொல்ல அங்கே இடமே வரவில்லை. மஞ்சுளா அடுத்த எண்ணைச் சொன்னாள், நான் அழுத்தினேன்.